முதலில் நாற்காலி, அப்புறம் வருகைப் பதிவு: எங்கள் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். வாரத்தில் 4 நாள் அலுவலகம் வருவது கட்டாயம் என்று மின்னஞ்சல் அனுப்பினீர்கள். வந்துகொண்டுதான் இருக்கிறோம். எங்கே உட்காருவது என்பது மட்டும் அந்த மின்னஞ்சலில் இல்லை.

இருந்த இரண்டு மாடிகளில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது நீங்கள்தான். பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் அது சரியான கணக்கு. சிங்கப்பூரில், அதுவும் தஞ்சோங் பகார் போன்ற அலுவலக வட்டாரத்தில், காலியாகக் கிடக்கும் மாடிக்கு யார் வாடகை கட்டுவார்கள்? ஆனால் மாடியை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் திரும்பக் கூப்பிட்டால் எப்படி?

இருக்கைக்குப் பதிவு செய்யும் செயலி நள்ளிரவில் திறக்கிறது. விடிவதற்குள் எல்லாம் போய்விடும். பிள்ளையைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு, தொலைவில் உள்ள பொங்கோலிலிருந்து எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே வருகிறவர்களுக்கு மிஞ்சுவது பேன்ட்ரியில் மைக்ரோவேவ் அருகே இருக்கும் உயரமான ஸ்டூல். சென்ற திங்கட்கிழமை அதில் உட்கார்ந்திருந்தவர் அறுபதை நெருங்கும் எங்கள் கணக்குப் பிரிவு அக்கா. முதுகுவலிக்காரர். கால் தரையில் எட்டவில்லை, மடிக்கணினி மடியில். வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ மீன்கறி சூடாக்க, மைக்ரோவேவ் கத்தியது. "சாப்பாட்டு நேரமா? அப்புறம் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாராம் அந்த வாடிக்கையாளர். மணி காலை பத்துகூட ஆகவில்லை.

வேறு வழியில்லாமல், ஹாக்கர் சென்டர் உணவங்காடியில் செய்வதுபோல் மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்தோம். மறுநாளே அதற்குத் தடை வந்தது. நாற்காலி இன்னும் வரவில்லை.

நேரில் கூடினால் யோசனைகள் பிறக்கும் என்கிறீர்கள். பிறக்கட்டும். என் குழுவில் பாதிப் பேர் பெங்களூரிலும் மணிலாவிலும் இருக்கிறார்கள். ஹெட்செட் மாட்டிக்கொண்டு அவர்களோடு பேசத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம். கதவில் யார் எத்தனை மணிக்கு அட்டையைத் தட்டினார்கள் என்ற கணக்கு மட்டும் உங்களிடம் சுத்தமாக இருக்கிறது. உள்ளே வந்தவர் எங்கே நின்றார் என்பதற்கும் ஒரு கணக்கு வைத்தால் தேவலை.

சரி, கோபம் போதும். வீட்டிலிருந்து வேலை போன்ற நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்காக அரசாங்கம், தொழிற்சங்கம், முதலாளிகள் ஆகிய முத்தரப்பும் சேர்ந்து வகுத்த வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருப்பது உங்களுக்குத் தெரியும். முறைப்படி எழுத்தில் கேட்டால் 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஊழியர் எப்போதும் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று மேலாளர் விரும்புவது அதற்குப் போதுமான காரணம் ஆகாது. கேட்டதையெல்லாம் கொடுத்தே தீரவேண்டும் என்று நெறிமுறைகள் சொல்லவில்லை. நாங்களும் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் எழுதிக் கொடுத்தவர்களுக்கு லிஃப்டில் பார்க்கும்போது "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்வது பதில் ஆகுமா?

ஆகவே பணிவோடு கேட்கிறோம்: எத்தனை பேருக்கு நாற்காலி இருக்கிறதோ, ஒரு நாளில் அத்தனை பேரை மட்டும் அழையுங்கள். மற்றவர்கள் அன்று வீட்டிலிருந்து வேலை பார்க்கட்டும். அடுத்த மாத அட்டவணையைப் போடுமுன் எந்தப் பிரிவுக்கு எந்த நாள் என்று முடிவு செய்து, நிலுவையில் இருக்கும் விண்ணப்பங்களுக்கு எழுத்தில் பதில் தாருங்கள். அதுவரை அந்த அக்காவுக்காவது ஒரு மேசையை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊழியர்களில் ஒருவர்