வில்லிஸ்டனில் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அம்மா நேற்று மாலை இங்கே, அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்து வில்லிஸ்டனில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். வண்டியில் ஏறியதும் முதலில் கேட்டது காபி. அதற்கு முன் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்ப எழுத இப்போது எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரியெல்லாம் போனில் கூடவே இருந்த தோழிகள், பிஸ்மார்க்கிலிருந்து மூன்றரை மணி நேரம் ஓட்டி வந்து ரசமும் சாதமும் கொடுத்துவிட்டு அன்றே திரும்பிய குடும்பம், அம்மாவுக்குப் புரியட்டும் என்று கையையும் காலையும் ஆட்டிப் பேசிய நர்ஸ்கள், வாடகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஆர்.வி. பார்க் (வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம்) அம்மா, எல்லோருக்கும் பெரிய கும்பிடு.

இன்னொருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பக்கத்து இடத்தில் பழைய டிரெய்லரில் இருப்பவர். எண்ணெய்க் கிணற்றில் வேலை. இரண்டு வாரம் தினமும் 12 மணி நேர ஷிஃப்ட், அப்புறம் இரண்டு வாரம் சொந்த ஊர். நாங்களோ ரூஸ்வெல்ட் தேசியப் பூங்காவைப் பார்த்துவிட்டு, போகிற வழியில் ஒரு ராத்திரி தங்க வந்தவர்கள். பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் பழக்கம்.

அன்றைய ராத்திரி குளிர் மைனஸுக்குப் போனது. நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில். வண்டிக்குத் தண்ணீர் வரும் ஹோஸ் உறைந்துவிடுமே என்று யார் நினைத்தார்கள்? காலையில் மாற்றுத் துணி எடுக்க வந்தேன். வெளியே கிடந்த எங்கள் தண்ணீர் ஹோஸ் கறுப்பு ஃபோம் உறைக்குள் இருந்தது. உள்ளே ஹோஸ் நெடுக, கரண்ட்டில் சூடாகும் ஹீட் டேப். ஹோஸ் குழாயில் சேரும் இடத்துக்கு உறை எட்டவில்லை போலிருக்கிறது; எண்ணெய்க் கறை படிந்த தன் வேலைக் கையுறை ஒன்றை அதன்மேல் கவிழ்த்து, ஒட்டும் டேப் சுற்றியிருந்தார். பிளக் சொருகியிருந்தது அவருடைய இடத்துக் கரண்ட் கம்பத்தில்.

பணம் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

2010 கணக்கெடுப்பில் 15,000 பேர்கூட இல்லாத ஊர் இது. பாக்கன் என்ற நிலத்தடிப் பாறை அடுக்கைப் பிளந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கிய பிறகு, 2020-இல் 29,000-ஐத் தாண்டிவிட்டது. இடையில் வந்து குவிந்தவர்களுக்கு வீடு ஏது? இவரும் அப்படி வந்தவர்தான். முதல் குளிர்காலம் முழுக்க டிரெய்லரில். யாராவது ஹோஸைச் சரியாகச் சுற்றாமல் விட்டால், பக்கத்து வண்டிக்காரர் திட்டிக்கொண்டே சுற்றிவிடுவாராம். எண்ணெய் ஊர், முரட்டு ஆட்கள், கதவைப் பூட்டியே வையுங்கள் என்று நாங்கள் கிளம்பும்போது சிலர் சொன்னார்கள். அக்கறையில் சொன்னதுதான். இருந்தாலும் அந்தப் பேச்சை இனி என் காதில் போடாதீர்கள்.

அவருக்குத் தமிழ் தெரியாது. இதில் இருப்பதை நாளை நேரில் சொல்லிவிடுவேன். இனி எங்கள் வண்டியில் ஹீட் டேப் ஒரு சுருள் கூடுதலாக இருக்கும், பக்கத்து இடத்துக்காரருக்கென்று.

அம்மா நலம். ஜன்னல் வழியே தூரத்தில் எரியும் ஜுவாலைகளைப் பார்த்துக் கார்த்திகை மாதிரி இருக்கிறது என்கிறார். எண்ணெயோடு வரும் வாயுவைக் கொண்டுபோகப் போதிய குழாய் இல்லாததால் எரித்துவிடுகிறார்கள் என்றேன். “இவ்வளவு கேஸையுமா?” என்று இன்னும் மனசு ஆறவில்லை. அவரோடு பேச விரும்புகிறவர்கள் மத்தியானத் தூக்கம் முடிந்ததும் கூப்பிடுங்கள்.