முடக்கத்தைத் தொட்டுப் பார்க்கட்டும்

ஆசிரியருக்கு,

காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் 5 அன்று துண்டிக்கப்பட்ட அதிவேக மொபைல் இணையம், 2021 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பியது. 550 நாள் என்று படித்துவிட்டு, அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அதையே கலைக்கூடச் சுவரில் நாளுக்கு ஒரு கட்டமாக வரையலாமே! பார்வையாளர் ஒரு கட்டத்தைத் தொட்டால், மாணவரின் தேர்வு விண்ணப்பப் பக்கம் அன்றைய 2ஜி வேகத்தில் திறக்கட்டும், பாதியில் நிற்கட்டும். எரிச்சல் வரட்டும், அதற்குத்தானே!

தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், 2018 மே மாதம் எங்கள் நெல்லையிலும் இணையம் முடக்கப்பட்டது. அதற்கும் சில கட்டங்கள் வேண்டும். முடக்க ஆணைகளை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் கூறியிருக்கிறது. அவற்றையும் பெரிதாக அச்சிட்டு மாட்டலாம். எழும்பூர் அருங்காட்சியகம் ஓர் அறை ஒதுக்குமா? ஒதுக்கினால் ரயிலேறி வரத் தயார்.

- ஒரு வாசகர், திருநெல்வேலி