பிரமாண்டம் வேறு, கிராண்டியோஸ் வேறு

அன்புள்ள நாதா,

உன் கடிதமும் மொழிபெயர்ப்பின் முதல் மூன்று அத்தியாயங்களும் வந்து சேர்ந்தன. பாதி நாவல் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், நல்ல சேதி. முதுகுவலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். போகட்டும், 'கிராண்டியோஸ்' (grandiose) என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி நீ கேட்டதற்கு வருகிறேன்.

தமிழில் 'பிரமாண்டமான' என்று வரும் இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் 'கிராண்டியோஸ்' போட்டிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன், பதினொரு இடம். அவற்றில் எட்டு இடங்களில் ஆசிரியர் மனதாரப் பாராட்டுகிறார். உன் ஆங்கிலத்தைப் படிப்பவனுக்கோ அவர் உதட்டைப் பிதுக்குவதுபோல் இருக்கும். அணைக்கட்டைப் பார்த்து அந்தக் கிழவர் கண்கலங்கும் பக்கத்தைச் சொல்கிறேன். "எவ்வளவு பிரமாண்டம்!" என்று அவர் வியக்க, நீ அதை "எவ்வளவு வெத்துப் பகட்டு!" என்று ஆக்கிவிட்டாய்.

'அகராதியைப் பார்த்துத்தானே போட்டேன்' என்பாய். அகராதியில் இரண்டு பொருளும் இருப்பது உண்மைதான். அளவாலும் வீச்சாலும் மனதைக் கவர்வது என்பது ஒன்று. போலிப் பெருமையும் அபத்தமான மிகையும் கொண்டது என்பது இன்னொன்று. ஆனால் இன்றைய ஆங்கில உரைநடையில் நூற்றுக்குத் தொண்ணூறு என்று சொல்லும்படி இரண்டாவதுதான் புழங்குகிறது. முதல் பொருளில் எழுதினாலும் வாசகன் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வான்.

இந்தக் குழப்பம் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. லத்தீனில் 'கிராண்டிஸ்' என்றால் பெரியது. அதிலிருந்து இத்தாலியில் 'கிராண்டியோசோ', அங்கிருந்து பிரெஞ்சு, பிரெஞ்சிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம். வழியில் வந்த ஊரிலெல்லாம் அது பாராட்டுச் சொல்தான். பிரெஞ்சுக்காரன் ஒரு மலைக்காட்சியை கிராண்டியோஸ் என்றால் மெய்மறந்து சொல்கிறான் என்று அர்த்தம். ஜெர்மனில் 'கிராண்டியோஸ்' என்றால் அட்டகாசம், ஸ்பானிஷில் 'கிராண்டியோசோ' என்றால் மகத்தானது. இசைத்தாளில் இன்றும் 'கிராண்டியோசோ' என்று குறித்திருந்தால் கம்பீரமாக வாசி என்பதுதான் கட்டளை. 1853-இல் இசையமைப்பாளர் லிஸ்ட் முடித்த பி மைனர் பியானோ சொனாட்டாவில் ஒரு பகுதிக்கு அந்தக் குறிப்பு உண்டு. அங்கே யாரும் கேலி செய்யவில்லை. ஆங்கிலக் கரையில் இறங்கிய பிறகுதான் சொல்லுக்கு மூக்குச் சுளிப்பு வந்தது. அதனால்தான் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்ப்பவர்களும் உன்னைப் போலவே இதில் வழுக்கி விழுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லின் உருவமே ஒன்றாக இருப்பதால் உன்னைவிட ஆபத்து அதிகம்.

கடைசியில் வரும் 'ஓஸ்' என்ற விகுதியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். லத்தீனில் அது 'நிறைந்த' என்று பொருள் தருவது. ஆங்கிலத்தில் அந்த விகுதியோடு நிற்கும் உறவுக்காரர்களைப் பார்: வெர்போஸ் என்றால் வளவளவென்று பேசுவது, பெல்லிகோஸ் என்றால் சண்டைக்கு அலைவது. எல்லாம் ஒரு குணம் தளும்பி வழிந்ததைச் சொல்லும் சொற்கள்.

இந்தச் சொல் ஒன்றுக்குள் மூன்று குற்றச்சாட்டுகள் மடிந்திருக்கின்றன. பெரிதாக இருக்கிறது என்பது முதலாவது. அந்தப் பெரிதுக்கும் கையிருப்புக்கும் நடுவே பள்ளம் இருக்கிறது என்பது இரண்டாவது. பணமோ திறமையோ தேவையோ காலமோ, ஏதோ ஒன்று எட்டவில்லை. மூன்றாவதுதான் கொடுக்கு: திட்டம் போட்டவன் வேலையைவிடத் தன்னைப் பெரிதாக நினைக்கிறான். 'கூரையேறிக் கோழி பிடிக்காதவன் வானமேறி வைகுண்டம் காட்டுகிறானாம்' என்று நம் ஆட்கள் சொல்வதில் மூன்றும் அப்படியே இருக்கின்றன, கவனித்தாயா? வானம் அளவு, கூரை பள்ளம், அந்தக் 'காட்டுகிறானாம்' கொடுக்கு.

ஒரே மனிதரை வைத்து விளக்குகிறேன். பிரெஞ்சுக்காரரான ஃபெர்டினான் தெ லெசெப்ஸ் 1859-இல் தொடங்கி 1869-இல் சூயஸ் கால்வாயைத் திறந்தார். சமவெளி, வழியில் மலை இல்லை, கடல்மட்டத்திலேயே வெட்டிக்கொண்டு போக முடிந்தது. அதை எழுதுபவர்கள் 'ஆம்பிஷஸ்' (உயரக் குறிவைப்பது) என்பார்கள், 'கிராண்ட்' என்பார்கள். அதே மனிதர் அதே கடல்மட்ட யோசனையை பனாமாவுக்குக் கொண்டுபோனார். 1881-இல் அங்கே வேலை தொடங்கியது. நடுவில் மலைமுதுகு, மழைக்காலத்தில் பொங்கும் சாக்ரெஸ் ஆறு, வெட்ட வெட்டச் சரியும் மண், மஞ்சள் காய்ச்சல், மலேரியா. கப்பலைப் படிப்படியாகத் தூக்கி இறக்கும் மதகுகள் வைக்கலாம் என்ற யோசனைக்கு அவர் இறங்கி வந்தபோது காலம் கடந்துவிட்டது. 1889-இல் கம்பெனி திவாலானது. பிறகு 1904-இல் அமெரிக்கர்கள் எடுத்து, மதகுகள் கட்டி, கப்பலைச் சுமார் 26 மீட்டர் உயர்த்தும் வகையில் 1914-இல் திறந்தார்கள். லெசெப்ஸின் பனாமாத் திட்டத்துக்கு 'கிராண்டியோஸ்' பொருந்தும், சூயஸுக்குப் பொருந்தாது. அளவைப் பார்த்தால் பனாமாதான் சூயஸைவிடக் குட்டை, ஏறக்குறைய பாதி நீளம். ஆக, சொல்லை முடிவுசெய்வது நீளம் அல்ல. மலை கண்ணெதிரே நிற்க, 'சூயஸை வெட்டியவனாக்கும் நான்' என்று நின்றதுதான்.

இதை வைத்து, தோற்றுப்போனால்தான் கிராண்டியோஸ் என்று எடுத்துக்கொள்ளாதே. அங்கேதான் பலர் தவறுகிறார்கள். புக்கரெஸ்டில் ருமேனிய சர்வாதிகாரி சௌசெஸ்குவின் மாளிகை எழும்பி இன்றும் நிற்கிறது. நின்றும் அந்தச் சொல் அதைவிட்டுப் போகவில்லை, ஏனென்றால் அதன் அளவு எந்தத் தேவைக்கும் பதில் சொல்லவில்லை. மறுபக்கம், நிலவில் மனிதனை இறக்குவோம் என்று கென்னடி 1961-இல் சொன்னது கேட்பதற்கு எவ்வளவு பெரிய பேச்சு! ஆனால் பின்னால் கணக்கும் பணமும் ஆளும் வந்தன, 1969-இல் இறங்கினார்கள். அதற்கு 'ஆம்பிஷஸ்', 'ஆடேஷஸ்' (துணிச்சலானது) என்பதே வழக்கு. சுத்தமான உதாரணம் வேண்டுமென்றால் ஹிட்லருக்காகக் கட்டடக் கலைஞர் ஆல்பெர்ட் ஷ்பியர் வரைந்த புதிய பெர்லின். 290 மீட்டர் உயரக் குவிமாட மண்டபம் ஒன்றும் அதில் உண்டு. அங்கே எழுப்ப நினைத்த மாபெரும் வெற்றி வளைவை மண் தாங்குமா என்று பார்க்க, சுமார் 12,650 டன் எடையில் ஒரு கான்கிரீட் உருளையை 1941-இல் கட்டி நிறுத்தினார்கள். மூன்று வருடத்துக்குள் அது 18 சென்டிமீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கிவிட்டது. பள்ளம் என்று சொன்னேனே, அங்கே அது நிஜமாகவே மண்ணில் இருந்தது.

இனி வாக்கியத்தில் உட்காரும் விதம். எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இயல்பாக வரும்? பிளான், ஸ்கீம், ஐடியா, விஷன், கிளெய்ம், பிராஜெக்ட், டைட்டில். 'ஸ்கீம்' என்பதிலேயே கொஞ்சம் சூழ்ச்சி வாடை இருப்பதால் அதோடு சேர்ந்தால் நெடி இரட்டிப்பு. ஒரு சின்னக் கம்பெனி தன் நாலுபேர் அலுவலகத்துக்கு 'உலகத் தலைமையகம்' என்று பலகை மாட்டினால், டைட்டிலோடு சேர்த்து எழுத அதைவிட நல்ல இடம் கிடைக்காது. மலை, கடல், மரம் போன்ற இயற்கைப் பொருள்களுக்கு முன்னால் வைக்காதே. மலைக்கு ஏது தற்பெருமை? சாப்பாடு, உடை, நகைக்கும் வேண்டாம். அங்கே 'ஆஸ்டென்டேஷஸ்' (பகட்டானது) அல்லது 'லாவிஷ்' (தாராளச் செலவானது) என்பதுதான் சொல்.

மனிதருக்கு நேராக வைப்பதில் ஒரு எச்சரிக்கை. 'அவர் கிராண்டியோஸ் ஆள்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் மருத்துவ வாடை அடிக்கும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில், மேனியா எனும் அளவுமீறிய மனஎழுச்சியின் அறிகுறிகளில் ஒன்றாக 'கிராண்டியாசிட்டி' வருகிறது. தன்மோக ஆளுமைக் கோளாறின் அளவுகோல்களில் முதலாவதே கிராண்டியோஸ் ஆன சுயமதிப்புதான். 'நான்தான் உலகைக் காக்க வந்தவன்' என்று அசைக்க முடியாமல் நம்பும் மருட்சிக்கும் அதே அடைமொழி. அது வசை அல்ல, நோய்க்குறி. ஆகவே ஒரு பாத்திரத்தைத் திட்ட வேண்டுமானால் ஆளை விட்டுவிட்டு அவர் பேச்சையோ திட்டத்தையோ அப்படிச் சொல். ஆளுக்கு 'பாம்பஸ்' (தற்பெருமைக்காரர்) போதும்.

யார் வாயில் வருகிறது என்பதும் முக்கியம். இது எப்போதும் அடுத்தவர் சொல்லும் தீர்ப்பு. 'எங்களிடம் ஒரு கிராண்டியோஸ் திட்டம் இருக்கிறது' என்று யாரும் நிதி கேட்டு எழுத மாட்டார்கள். எழுதினால் அன்றோடு நிதி நின்றுவிடும். தன்னைப் பற்றிச் சொல்லும்போது இரண்டே வழிதான். ஒன்று தன்னைத்தானே கேலி செய்வது: 'கேட்க கொஞ்சம் கிராண்டியோஸாகத்தான் இருக்கும், ஆனாலும்...' என்று இழுப்பது. மற்றது மறுப்பது: 'நத்திங் சோ கிராண்டியோஸ்', அதாவது அவ்வளவு பெரிசாக ஒன்றுமில்லை என்று கையை உதறுவது. உன் கதையில் தையல்காரர் 'கடையா? ஒரு மிஷின், ஒரு பெஞ்சு, அவ்வளவுதான்' என்று சொல்கிறாரே, அந்த இடத்துக்கு இந்த மறுப்புத் தொடர் கச்சிதமாக உட்காரும். நீ அதைப் பார்க்கவே இல்லை.

பக்கத்து வீட்டுச் சொற்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். 'கிராண்டிலோக்வென்ட்' பேச்சுக்கு மட்டும். அதன் பின்பாதியில் 'பேசு' என்ற லத்தீன் வினை இருக்கிறது. கட்டடத்துக்கு அதைப் போட்டால் கட்டடம் பேசும். 'பாம்பாஸ்டிக்' என்பதும் பேச்சுதான், சட்டைக்குள் திணிக்கும் பஞ்சுக்குப் பெயராக இருந்து வந்தது; உள்ளே பஞ்சு, வெளியே பருமன். 'பிரெடென்ஷஸ்' அறிவும் ரசனையும் இருப்பதுபோல் காட்டுவது. 'ஓவர்வீனிங்' (அளவுமீறிய) என்பது கர்வத்தோடும் ஆம்பிஷனோடும் ஒட்டிக்கொள்ளும், திட்டத்தோடு ஒட்டாது. 'வால்ட்டிங்' (எட்டித் தாவும்) என்பது ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்திலிருந்து ஆம்பிஷனோடு கைகோத்தே வந்தது, அதைப் பிரித்து வேறெதற்கும் வைக்காதே. 'குயிக்ஸாட்டிக்' மட்டும் வேறு மாதிரி: திட்டம் நடக்காது என்று தெரிந்தும் ஆளின்மேல் நமக்குப் பிரியம் இருக்கும். உன் பள்ளிக்கூட வாத்தியாருக்கு அதுதான் வேண்டும்.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வரி. மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டு தடவை ஓ-வை முன்னாலும் ஐ-யைப் பின்னாலும் போட்டிருக்கிறாய். டி-க்குப் பிறகு ஐ, அதற்குப் பிறகுதான் ஓ. பலர் செய்யும் பிழைதான், ஆனால் பதிப்பாசிரியர் கண்ணில் முதலில் அதுதான் குத்தும். வாய்விட்டு 'கிராண்-டி-யோஸ்' என்று சொல்லிக்கொண்டே எழுதினால் வராது.

இனி திருத்தம். அணைக்கு 'மான்யுமென்டல்' அல்லது 'மெஜஸ்டிக்'. கோபுரம் வரும் இரண்டு இடத்திலும் 'மக்னிஃபிசென்ட்'. கல்யாணப் பந்தலுக்கு 'லாவிஷ்'. நூலகத் திட்டம் வரும் நாலு இடத்திலும் 'ஆம்பிஷஸ்' போதும். திட்டத்தின் பரப்பைச் சொல்லும் இடத்தில் மட்டும் 'ஸ்வீப்பிங்' என்று மாற்றலாம். எட்டும் ஆயிற்று. மீதி மூன்றும் மேயர் பேசும் இடங்கள். அவற்றைத் தொடாதே. சாக்கடை அடைத்துக்கொண்டு நிற்க, நகரத்தைச் சுற்றி மிதக்கும் தோட்டம் போடுவேன் என்கிறாரே, அவருக்காகவே செய்த சொல் அது.

எதிர்த்திசையில் போகும்போது, அதாவது ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போது, ஒரே சொல்லைத் தேடி அலையாதே. 'ஆடம்பரமான' என்றால் பணச்செலவு மட்டும் தெரியும். 'பிரமாண்டமான' என்றால் கேலி போய்விடும். 'பேராசை' என்பது பொருள்மேல் வரும் ஆசை, பெருமைமேல் வரும் ஆசை அல்ல. நான் இடம் பார்த்து உடைப்பேன். திட்டத்துக்கு 'ஆகாயக் கோட்டை', பேச்சுக்கு 'வானத்தை வில்லாக வளைக்கும் பேச்சு', பட்டத்துக்கு 'பெத்த பேரு', மருத்துவக் கட்டுரையானால் 'தன்னைப் பற்றிய அளவுகடந்த பெருமை நினைப்பு' என்று விரித்து எழுதுவேன். 'மனக்கோட்டை' வேண்டாம், அது பால்காரி தலையில் குடத்தை வைத்துக்கொண்டு தனக்குள்ளேயே கட்டுவது. கிராண்டியோஸ் ஆசாமி ஊரைக் கூட்டி வைத்துத்தான் கட்டுவான்.

நான்காம் அத்தியாயத்தில் மேயரின் மகன் வருகிறான் என்றாயே, அவன் பேச்சை மொழிபெயர்க்கும் முன் தமிழ் மூலத்தை எனக்கு அனுப்பு. முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அன்புடன்,
சிவம்