செயலாளர் ஆண்டறிக்கை 2025-26

நம் தருமபுரி அழகு நிலையச் சங்கத்தின் தலைவர் அம்மா அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். இந்த அறிக்கை வாட்ஸ்அப் குழுவிலும் போடப்படும். யார் யாருக்கு நீலக் குறி விழுகிறது என்று பார்ப்பேன்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, எல்லோரும் சும்மாதான் இருப்பார்கள் என்று நம்பி வைத்த பொதுக்குழு, ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போன கூட்டத்தோடு போய்விட்டது. ஆயுத பூஜையும் மகளிர் தினமும் கொண்டாடப்பட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததை ஒரு ஆடிட்டர் வந்து விளக்கினார். நம்மில் பெரும்பாலோருடைய வரவு ஜிஎஸ்டி பதிவுக்கான ஆண்டு வரம்பான 20 லட்சத்தைத் தொடாது என்பதால், சந்தேகம் கேட்கச் சொன்னபோது டீ எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள்.

இனி, இந்த ஆண்டு என் மேல் அதிகம் குறை சொல்லப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். அழுதுகொண்டு வரும் வாடிக்கையாளரிடம் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு நாள் பயிற்சி வைத்தோம். "அழுதா டிஷ்யூ குடுக்கறதுக்கு ஒரு பயிற்சியா? அதுக்கு ஹால் வாடகை வேறயா?" என்று குழுவில் குரல் பதிவு போட்ட சகோதரிக்கு அன்றே பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நம் உறுப்பினர் கடை ஒன்றில் கை வாக்ஸிங் செய்ய வந்த ஒரு பெண்ணின் மேல்கையில் விரல் விரலாகக் கன்றிப்போயிருந்தது. கேட்டதும் அழுதுவிட்டார், வீட்டு விஷயம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதுவரை சரி. அவர் படியிறங்கியதும் அடுத்து ஃபேஷியலுக்கு உட்கார்ந்தவரிடம் நம் ஆள் அதை அப்படியே சொல்ல, அந்தப் பெண் பென்னாகரம் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் செய்தி மாமியார் காதுக்குப் போய்விட்டது. அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் நாலு ரோட்டில் தும்மினால் பாரதிபுரத்தில் "நூறு வயசு" என்பார்கள். இங்கே கடை நடத்துகிறவருக்கு வாயைக் கட்டுவதும் தொழில்தான். அதற்குத்தான் பயிற்சி, டிஷ்யூ கொடுப்பதற்கு அல்ல.

பேச வந்தவர் ஒரு மனநல ஆலோசகர். பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை, எல்லாம் கைவேலைக்கு ஆகிற விஷயம். த்ரெடிங் போடும்போது எல்லோருக்கும்தான் கண்ணில் தண்ணீர் வரும். நூலை எடுத்த பிறகும் வருகிறதா என்று பாருங்கள் என்றார். வந்தால் கையை நிறுத்தி, திரையை இழுத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, "தொடரட்டுமா, கொஞ்சம் நிறுத்தட்டுமா?" என்று மட்டும் கேட்க வேண்டும். "ஏன் அழறீங்க?" என்று குடையக் கூடாது. அழுது சிவந்த முகத்தில் ப்ளீச் போடக் கூடாது என்பது நமக்கே தெரியும், ஆனால் அப்பாயின்ட்மென்ட் அவசரத்தில் போடுகிறோம். சண்டை போட்டுவிட்டு வந்து "மொத்தமா வெட்டிடுங்க" என்கிறவருக்கு இன்று இரண்டு அங்குலம் மட்டும் எடுத்துவிட்டு, மீதியை அடுத்த வாரம் பார்ப்போம் என்று அனுப்ப வேண்டும். மாதத்துக்கு அரை அங்குலம் வளர்கிற முடியை ஒரு கோபத்தில் இழந்துவிட்டு, மறுநாள் நம்மைத்தான் திட்டுவார்கள்.

ஹெட் மசாஜில் அழுகிறவர்கள்தான் அதிகம் என்று அன்று பலரும் சொன்னார்கள். ஆச்சரியமில்லை. வீட்டில் எல்லோர் தலைக்கும் எண்ணெய் வைக்கிறவளின் தலையில் யார் கை வைக்கிறார்கள்?

பிள்ளை பெற்ற மூன்றாம் நான்காம் மாதத்தில் சீப்பில் கொத்தாக வரும் முடியைக் கையில் சுருட்டிக்கொண்டு வருவார்கள். கடுங்காய்ச்சலோ வீட்டில் ஒரு சாவோ நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்தும் இப்படிக் கொட்டும். பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும். நிற்காமல் கொட்டினாலோ வட்ட வட்டமாகப் போனாலோ தோல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? "ஐயோ, இவ்ளோ கொட்டியிருக்கே" என்று நாமும் சேர்ந்து அலறிவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே ஆறு சிட்டிங் பேக்கேஜ் எழுதுகிறோம். அழுகிறவரிடம் பேக்கேஜ் விற்பது வியாபாரமே இல்லை. இதைச் சொன்னதால் சிலர் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை.

"பொறுத்துப் போ" என்றும் சொல்லாதீர்கள், "விட்டுட்டு வா" என்றும் சொல்லாதீர்கள். இரண்டுக்கும் நாம் பொறுப்பேற்க முடியாது. அடி வாங்கியவருக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் இருப்பதையும் சொல்லலாம். அவர் சம்மதித்தால் நம் போனிலிருந்தே போட்டுக் கொடுக்கலாம். "இருந்து என்ன பிரயோஜனம்" என்று ஒருவர் சொன்னால் பேச்சுவாக்கில் வந்தது என்று விடக் கூடாது. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக அனுப்பாமல் வீட்டில் அவர் நம்புகிற ஒருவரை வரவழைத்து, 14416-க்கு அழைக்க வேண்டும். டெலி மானஸ் என்ற அந்த அரசு மனநல உதவி எண் 2022 முதல் இருக்கிறது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு.

மணப்பெண் அழுகை தனி. மண்டபத்து அறையில் சொந்தக்காரர்கள் பத்துப் பேரை வெளியே அனுப்பி, ஈரப் பஞ்சைக் கண்மேல் ஐந்து நிமிடம் வைத்தாலே பாதி அடங்கும். ஆனால் ட்ரையலுக்கு வரும் பெண்ணுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்று தெரிந்தால் அது மேக்கப் விஷயமே அல்ல. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைத் திருமணத்தை நடத்துவதும் அதற்குத் துணைபோவதும் குற்றம். இரண்டு ஆண்டு சிறை வரை போகலாம். நம் மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் இருக்கும் பெயர் நமக்குத் தெரியும். இந்த ஆண்டு ஒரு உறுப்பினர் அப்படி வந்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொன்னார். அவர் பெயரை இங்கே எழுதாததே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. அந்த ஆர்டரை அப்புறம் எடுக்கப் பேசியவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பெயரையும் எழுதவில்லை.

இவ்வளவுக்கும் வந்தவர்கள் மூன்று வரிசை நாற்காலிக்குக்கூடப் போதவில்லை. காரிமங்கலத்திலிருந்து கைக்குழந்தையோடு ஒருவர் வந்தார். ஹாலுக்கு எதிர்ச் சந்தில் கடை வைத்திருப்பவர் வரவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் கடை உரிமையாளர்கள் அல்ல, வேலை செய்யும் பெண்கள். அழுகையைக் கேட்பது அவர்கள்தானே. கடைசியில் ஒரு பெண் எழுந்து, "நாள் பூரா கேட்டுட்டு வீட்டுக்குப் போனா தூக்கம் வரல மேடம், எங்ககிட்ட யாரு கேப்பா?" என்றார். ஆலோசகர் அதற்கு நேரம் எடுத்துப் பதில் சொன்னார். ஒரு அழுகைக்கும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கும் நடுவில் பத்து நிமிடம் இடைவெளி கொடுங்கள் என்று முதலாளிகளைக் கேட்டுக்கொண்டார். அந்தப் பகுதியில் முதலாளிகள் அநேகமாக வெளியே போனில் இருந்தார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூட. பயிற்சிக்கு ஹால், மைக், போண்டா, பேசியவருக்குப் போக்குவரத்து ஆகியவை போக ஏற்பட்ட பற்றாக்குறையை இப்போதைக்கு ஒருவர் கையிலிருந்து போட்டிருக்கிறார். அவர் யார் என்பது முக்கியமல்ல, ரசீது என்னிடம் இருக்கிறது. சந்தா மாதம் 50 ரூபாய். ஒரு ஐப்ரோ த்ரெடிங் காசு. அதை ஆண்டுக்கணக்கில் பாக்கி வைத்திருப்பவர்கள்தான் சங்கம் என்ன செய்தது என்று முதலில் கேட்கிறார்கள்.

ஹால் கொடுத்தவருக்கும், மைக் செட்டுக்காரருக்கும், கணக்குப் பார்த்த ஆடிட்டருக்கும், நாற்காலி எடுத்துப் போட்ட பிள்ளைகளுக்கும், பொறுமையாக இருக்கும் எங்கள் வீட்டுக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பாலக்கோட்டிலும் அரூரிலும் இதே பயிற்சியை வைக்க வேண்டும், உதவி எண்களை அச்சடித்து ஒவ்வொரு கடைக் கண்ணாடியிலும் ஒட்ட வேண்டும் என்று ஆசை. பணம் இருந்தால் நடக்கும். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றுக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை. இரண்டு முறை கேட்டும் யாரும் வாய் திறக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். சந்தா நோட்டும் எண்கள் எழுதிய மாதிரி அட்டையும் என் கடையில் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை யாரும் முடி வெட்ட வரமாட்டார்கள், நான் சும்மாதான் இருப்பேன். வருகிறவர்கள் சில்லறையாகக் கொண்டு வரவும்.

செயலாளர்