சமூகக் காப்பீட்டு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

"மக்களுக்கு விழிப்புணர்வு இல்ல, அதான் சமூகக் காப்பீட்டுத் திட்டத்துல சேர மாட்டேங்குறாங்க"ன்னு திரும்பவும் சொல்லியிருக்கீங்க. மரியாதையோடதான் சொல்றேன், அது உண்மை இல்லங்க.

எங்க சித்தப்பாவுக்கு சொந்தமா வெல்டிங் வேலை. சந்தா கட்டி வந்தா, வேலைக்கு போக முடியாம போறப்ப கை கொடுக்குற உங்க திட்டத்த பத்தி எனக்கு சொன்னதே அவர்தான். ஃபாரம் வாங்கி பேரு, பிறந்த தேதி, முகவரி எல்லாம் எழுதிட்டாரு, நாமினி பக்கத்துல ஏதோ சான்றிதழ் கேட்டிருந்தீங்க, அடுத்த மாசம் வாங்கிக்கலாம்னு பீரோவுல வச்சாரு, ரெண்டு வருஷம் அங்கயே கிடந்துச்சு. கண்ணுல அடிபட்டு வேலைக்கு போக முடியாம உக்காந்தப்புறம் சித்திதான் அத எடுத்துக்கிட்டு உங்க ஆபீஸ் வந்தாங்க. "முன்னாடியே சேர்ந்திருக்கணும்மா"ன்னு அனுப்பிட்டீங்க. அந்தப் பாதி எழுதின ஃபாரத்த கைல வச்சுக்கிட்டு அவங்க பஸ்ஸுல அழுதுட்டே வந்தாங்க.

சித்தப்பா சோம்பேறி இல்ல. இன்னைக்கு கைய விட்டுப் போற காசு பெருசா தெரியும், என்னைக்கோ வரப்போற ஆபத்து நமக்கு வராதுன்னு தோணும், எல்லாருக்கும் அப்படித்தான். இழப்போட வலி அதே அளவு லாபத்தோட சந்தோஷத்தவிட பெருசுன்னு கானமன், ட்வெர்ஸ்கிங்குற ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1979லயே எழுதிட்டாங்க. அமெரிக்கால ஒரு கம்பெனி, ஓய்வூதிய சேமிப்புல புது ஊழியர்கள தானாவே சேர்த்துட்டு வேண்டாம்னா விலகிக்கலாம்னு விதிய மாத்துச்சு. 49 சதவீதமா இருந்த சேர்க்கை 86 ஆச்சுன்னு மேட்ரியன், ஷேங்குற ரெண்டு ஆய்வாளர்கள் 2001ல காட்டினாங்க. சலுகைல ஒரு மாத்தமும் இல்ல. பிரிட்டன்லயும் 2012லருந்து ஓய்வூதியத்துக்கு இதே முறைதான்.

அதனால கேக்குறது ஒண்ணுதான். எல்லாரையும் நீங்களே தானாவே சேத்துடுங்க, வேண்டாங்குறவங்க விலகட்டும். சொந்தத் தொழில் செய்றவங்கள லைசென்ஸ் புதுப்பிக்க வர்றப்பவே சேத்துடுங்க, சந்தாவ அவங்க கைல காசு இருக்குற மாசமா பாத்து வாங்குங்க, சான்றிதழ அப்புறமா கேட்டு வாங்கிக்கலாம்.

விளம்பரம், ஊர்வலம், பேனர்னு எவ்வளவு செலவு பண்றீங்க! உங்க சம்பளத்துல சந்தா கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சிடுறாங்களே, உங்கள்ல யாராவது மாசாமாசம் ஞாபகம் வச்சு வரிசைல நின்னு கட்டியிருக்கீங்களா? உங்களுக்கு கிடைக்கிற அந்த வசதிய ஏன் எங்க சித்தப்பாவுக்கு தரமாட்டேங்குறீங்க?

கோபத்துல ஜாஸ்தியா எழுதியிருந்தா மன்னிச்சுக்கோங்க. தயவுசெஞ்சு அந்த ஒரு விதிய மாத்துங்க, எல்லாரையும் தானாவே சேத்துடுங்க. நேர்ல பேசணும்னா கூப்பிடுங்க, சித்தியையும் அந்த ஃபாரத்தையும் கூட்டிட்டு வரேன்.