மூடப்பட்ட அரசுக் கட்டடங்களின் டிஷ் ஆண்டெனாக்கள்: மீட்புத் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

மூடப்பட்ட, அல்லது இடிப்பதற்கென ஒதுக்கப்பட்ட அரசுக் கட்டடங்களின் மாடிகளில் பயனற்று நிற்கும் டிஷ் ஆண்டெனாக்களைக் காயலான் கடைக்குப் போகுமுன் முறைப்படி கேட்டுப் பெற்று, பழுது நீக்கி, மீண்டும் வேலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2023 டிசம்பரில் நம் பொதுக்குழு தீர்மானித்தது. அப்பணி 2025 ஆவணி மாதம் நிறைவடைந்தது. கோயிலுக்கு உரிய ‘திருப்பணி’ என்னும் சொல்லை இதற்கு வைக்கலாமா என்று அன்றைய கூட்டத்தில் சில மூத்த உறுப்பினர்கள் தயங்கினார்கள். பழையதைக் கைவிடாமல் செப்பனிட்டு நிலைநிறுத்தும் வேலைக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அப்பெயரிலேயே கணக்கை ஒப்படைக்கிறோம்.

இந்த டிஷ்கள் எப்படி வந்தன, ஏன் கைவிடப்பட்டன என்பதைப் புதிய உறுப்பினர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். 1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி ஏவப்பட்டதும், தில்லியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியைச் செயற்கைக்கோள் வழியே வாங்கி அந்தந்த ஊரில் மறுஒளிபரப்புச் செய்யும் சிறு நிலையங்கள் நாடெங்கும் எழுந்தன. ஒவ்வொரு நிலையத்தின் முற்றத்திலும் ஊரார் ‘குடை’ என்று அழைத்த பெரிய கம்பிவலை டிஷ் ஒன்று நின்றது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவச நேரடிச் சேவை தொடங்கியபின் வீட்டு மாடிச் சிறு டிஷ்ஷே அந்த வேலையைச் செய்துவிட்டதால், தரைவழி நிலையங்களின் தேவை குறைந்துகொண்டே வந்தது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் அவற்றில் பெரும்பாலானவை படிப்படியாக மூடப்பட்டன. இன்னொரு வகை, கல்விக்கென்றே 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஜுசாட்டின் காலத்தது. 2010இல் அக்கோளின் பணி முடிந்தபின் வகுப்பறைக் கருவிகளை உள்ளே எடுத்து வைத்தார்கள். டிஷ்ஷை மட்டும் பல இடங்களில் யாரும் இறக்கவில்லை.

முதல் ஆறு மாதமும் நாங்கள் ஒரு ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்கவில்லை. இருப்பவற்றைப் பார்த்துப் பட்டியல் எடுப்பதிலும் கடிதம் எழுதுவதிலுமே அக்காலம் சென்றது. அரசுக் கட்டடத்தில் உள்ள எந்தப் பொருளும் தடவாளப் பதிவேட்டில் ஒரு வரியாக இருக்கும்; அந்த வரியைக் கழிவுப் பொருள் என்று அறிவித்து, மதிப்பிட்டு, ஏலத்தில் விட்ட பிறகே அது வெளியே வர முடியும். ஏலமோ தனித்தனிப் பொருளுக்கு நடப்பதில்லை. உடைந்த நாற்காலி, இரும்பு அலமாரி, பழைய ஜெனரேட்டர், டிஷ் எல்லாம் ஒரே குவியலாக, எடைக்குப் போகின்றன. எனவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருந்தது: டிஷ்ஷை மட்டும் குவியலிலிருந்து பிரித்துத் தனி எண்ணிட்டு விலை வையுங்கள், வைக்கும் விலையைக் கொடுக்கிறோம். இதை ஏற்ற அலுவலர்களுக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம், ஏனெனில் அப்படிப் பிரிப்பதால் அவர்களுக்கு வேலை கூடியதே தவிரக் குறையவில்லை.

பட்டியலில் 14 டிஷ்கள் இருந்தன. அவற்றில் மூன்றை இழந்தோம். எங்கள் கடிதம் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில் அந்த மூன்றும் இருந்த கட்டடத்தின் குவியல் ஏலம் போய்விட்டது. செய்தி அறிந்து மறுநாள் காலை காயலான் கடைக்குச் சென்றபோது, வட்டமாகப் பூட்டி டிஷ் ஆக்கும் தகடுகளான அலுமினிய இதழ்களை இரண்டாக மடித்துச் சம்மட்டியால் தட்டி மூட்டையாகக் கட்டியிருந்தார்கள். நூறு முறை கழற்றி மாட்டினாலும் கெடாத பொருள் அது. மடித்துவிட்டால் மட்டுமே கெடும். இன்னும் இரண்டு டிஷ்களின் தாங்குகுழாய் அடிவரை துருவேறி இருந்ததால், ஆள் ஏறுவது ஆபத்து என்று கருதி விட்டுவிட்டோம். மீட்டவை ஒன்பது: 12 அடிக் கம்பிவலை டிஷ் இரண்டு, 8 அடி முழுத்தகட்டு டிஷ் இரண்டு, ஒன்றேகால் மீட்டருக்கு உட்பட்ட சிறிய டிஷ் ஐந்து.

இறக்கும் பணியில் எங்களால் நேர்ந்த ஒரு பிழையை உறுப்பினர்கள் அறிய வேண்டும். முதல் 8 அடி டிஷ்ஷை மூன்றாம் மாடியிலிருந்து ஒரே துண்டாகக் கயிறு கட்டி இறக்கினோம். இரு பக்கமும் கட்ட வேண்டிய கயிற்றை ஒரு பக்கமே கட்டியிருந்ததால், பாதி வழியில் டிஷ் சுழன்று, அதன் விளிம்பு கைப்பிடிச் சுவரில் மோதி வளைந்தது. கீழே இருந்தவர்கள் விலகி நின்றதால் யாருக்கும் காயமில்லை. அன்றே வேலையை நிறுத்தினோம். ஆட்களுக்குக் காப்பீடு எடுத்து, செயின் பிளாக்கும் சாரமும் ஏற்பாடு செய்த பின்னரே மறுபடி தொடங்கினோம். கணக்கில் காப்பீட்டுச் செலவு நடுவில் வந்து சேர்ந்ததன் காரணம் இதுதான்.

மூடப்பட்ட மறுஒளிபரப்பு நிலையத்தின் 12 அடி டிஷ்ஷைக் கழற்றும்போது, அங்கே பணியாற்றி ஓய்வு பெற்ற தொழில்நுட்பர் ஒருவர் கேள்விப்பட்டுத் தாமாகவே வந்து நின்றார். பன்னிரண்டு இதழ்களைச் சுற்றிலும் பூட்டிய அமைப்பு அது. நம் இளைஞர்கள் ஓரத்திலிருந்து வரிசையாகக் கழற்றத் தொடங்கியதைப் பார்த்தவர், “எதிரும் புதிருமா எடுக்கணும் தம்பி. ஒரு பக்கமாவே எடுத்தா மிச்சம் அந்தப் பக்கம் தொங்கி, நடுவளையம் கோணிக்கும்” என்றார். முதலில் எல்லா நட்டையும் இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி, ஒவ்வோர் இதழுக்கும் முதுகில் பெயிண்டால் எண் எழுதி, ஒன்றையும் ஏழையும், நான்கையும் பத்தையும் என்று எதிரெதிரே எடுத்தோம். டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் ஃபீட் ஹாரனின் வாயை வேட்டுவாளி மண்கூடு கட்டி முழுவதும் அடைத்திருந்தது. அவர் அதை ஒரு குச்சியால் சுரண்டித் துடைத்து, தம் வேட்டி முனையில் தேய்த்து எங்களிடம் கொடுத்தார். இதழ் ஒன்றுகூட நசுங்காமல் இரண்டு நாளில் வேலை முடிந்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். டிஷ்ஷோ காற்றுக்குப் பாய்மரம் போன்றது. ஆகையால் ஒன்பதும் ஆனி முடிவதற்குள் தரையில் இருக்க வேண்டும் என்று உறுதி வைத்திருந்தோம், அவ்வாறே இருந்தன.

அடுத்து, அளந்து தரம் பிரித்தல். இதற்கு விலையுயர்ந்த கருவி ஏதும் தேவைப்படவில்லை. டிஷ்ஷின் விளிம்பில் எதிரெதிர்ப் புள்ளிகளை இணைத்து இரண்டு மீன்பிடி நரம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினால், வடிவம் சரியாக உள்ள டிஷ்ஷில் இரண்டும் நடுவில் தொட்டும் தொடாமலும் நிற்கும். கோணியிருந்தால் இடைவெளி தெரியும். சுவரில் மோதிய டிஷ்ஷில் அந்த இடைவெளி 22 மில்லிமீட்டர் இருந்தது. பின்புறம் எஃகுக் கம்பி கட்டி, கம்பியை இறுக்கும் டர்ன்பக்கிளை ஒவ்வொரு திருகாக முறுக்கி, ஒரு வார உழைப்பில் 6 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தோம். பரப்பின் கோணல் அலைநீளத்தில் பதினாறில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. பழைய தொலைக்காட்சிப் பட்டையான 4 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் ஏழரை சென்டிமீட்டர். அதற்கு 5 மில்லிமீட்டருக்கும் குறைவான கோணலே அனுமதி. எனவே அவ்வேலைக்கு அந்த டிஷ் இனி உதவாது. விண்வெளி ஹைட்ரஜன் விடும் 21 சென்டிமீட்டர் அலைக்கு 13 மில்லிமீட்டர் வரை பொறுக்கலாம் என்பதால், விண்ணிலிருந்து வரும் அத்தகைய அலைகளை ஆராயும் வானொலி வானியலுக்கு அது நன்றாகவே உதவும். கெட்டது என்று ஒதுக்கப்படும் டிஷ் எதற்குக் கெட்டது என்று கேட்டுவிட்டு ஒதுக்க வேண்டும் என்பதை இந்த ஒரு வாரம் எங்களுக்குக் காட்டிக் கொடுத்தது.

12 அடி டிஷ்ஷின் விட்டம் 366 சென்டிமீட்டர், நடு ஆழம் 61 சென்டிமீட்டர். விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் பதினாறு மடங்கால் வகுத்தால் குவியத் தூரம் 137 சென்டிமீட்டர் என்று வரும். பழைய ஃபீட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைத் தகர டின்னைப் பொருத்தினோம். பஜாரில் டின் அடிக்கும் கடையில் செய்தது அது. உள்ளே ஐந்தேகால் சென்டிமீட்டர் செப்புக் கம்பி ஒன்று நிற்கிறது. 21 சென்டிமீட்டர் அலையைப் பிடிப்பது அக்கம்பிதான். அடுத்து ஒரு பெருக்கி, ஒரு வடிகட்டி, கணினியில் செருகும் விரலளவு ரிசீவர். நம் விண்மீன் மண்டலம் முழுவதும் பரவியிருக்கும் ஹைட்ரஜன் வாயு 1420.4 மெகாஹெர்ட்ஸில் விடும் மெல்லிய வானொலியைக் கேட்க இவ்வளவு போதும்.

மதுரைக்கு வெளியே, உறுப்பினர் ஒருவர் மனமுவந்து தந்த தோட்டத்தில் கான்கிரீட் அடித்தளமிட்டு அந்த 12 அடி டிஷ்ஷை நிறுத்தினோம். பழைய பணியில் அது இன்சாட் கோள்கள் நின்ற 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை நோக்கி, தொடுவானிலிருந்து ஏறக்குறைய 69 பாகை உயரத்தில் அண்ணாந்து நின்றது. இப்போது இன்னும் 21 பாகை சாய்த்து நேர் உச்சியை நோக்க வைத்தோம். டிஷ்ஷைத் திருப்பும் மோட்டார் நமக்கு வேண்டியதில்லை. பூமி சுழலச் சுழல வானம் தானே அதன்மேல் நகர்ந்து செல்கிறது. நம் ஊர் உச்சிக்கு மிக அருகில் கடக்கும் பிரகாசமான விண்மீன்களில் ஒன்று திருவோணம். அது உச்சிக்கு வருவதற்கு ஏறத்தாழ 40 நிமிடம் முன்பு பால்வெளியின் நடுத்தளம் டிஷ்ஷைக் கடக்கும். ஆவணி இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு, ஒன்பது மணி தாண்டியதிலிருந்து கணினித் திரையில் தட்டையாக ஓடிக்கொண்டிருந்த கோடு மெல்ல எழும்பி, ஒன்பதே காலுக்கு மேடாக நின்றது; அந்த மேடு குறைந்த அதிர்வெண் பக்கமாக அகன்று சரிந்திருந்தது, நம்மை விட்டு விலகிச் செல்லும் வாயுவின் அடையாளம். தோட்டத்தில் பதினோரு பேர் இருந்தோம். ஓய்வு பெற்ற அந்தத் தொழில்நுட்பரும் இருந்தார். சற்று நேரம் யாரும் பேசவில்லை.

கைவிடப்பட்ட டிஷ்ஷிலிருந்து வானியல் தொடங்குவது இந்நாட்டுக்குப் புதிதன்று என்பதையும் இங்கே பதிவுசெய்ய விரும்புகிறோம். சிட்னி அருகே பாட்ஸ் ஹில்லில் வேலை முடிந்த 32 ஆறடி டிஷ்களை இந்தியாவுக்கு வாங்கித் தந்தவர் வானொலி வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப். அவை தில்லியில் சில ஆண்டுகள் பயன்படாமல் கிடந்தபின், 1965இல் மும்பைக்கு அருகே கல்யாணில் சூரியனை நோக்கி நிறுவப்பட்டன. அவர் வடிவமைத்த 530 மீட்டர் நீளமுள்ள உதகை வானொலித் தொலைநோக்கி எழுந்தது அதற்குப் பிறகு, 1970இல்.

மற்ற டிஷ்களின் நிலை வருமாறு. இரண்டாவது 12 அடி டிஷ், முதலாவதற்கு மாற்று இதழ்களாகத் தோட்டத்துக் கொட்டகையில் எண்ணிட்டு அடுக்கப்பட்டுள்ளது. கோணல் நீக்கிய 8 அடி டிஷ் கல்லூரி ஒன்றின் இயற்பியல் துறைக்குக் கொடுக்கப்பட்டது. பழுதில்லாத மற்றொன்று நம் வசம் உள்ளது. சிறிய டிஷ்களில் மூன்று அரசுப் பள்ளிகளுக்குச் சென்றன. சிக்னல் மீட்டருடன் டிஷ்ஷைச் சூரியன் பக்கம் திருப்பினால் முள் எழுவதை மாணவர்கள் கண்ணால் பார்க்கலாம். ஒரு பள்ளியில் அதை வாரந்தோறும் செய்கிறார்கள். நான்காவது டிஷ் நம் அலுவலக மாடியில், 2018 நவம்பரில் ஏவப்பட்ட எஸ்ஹைல்-2 கோளின் அமெச்சூர் வானொலிக் கருவியை நோக்கி, மேற்கே 30 பாகை உயரத்தில் நிற்கிறது. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் பேசுபவர்களின் குரல் அதில் கேட்கிறது. ஐந்தாவது இருப்பில் உள்ளது.

வரவு: உறுப்பினர் நன்கொடை ரூ. 1,42,500. செலவு: டிஷ்களுக்குச் செலுத்திய விலை ரூ. 31,800, கிரேன், வண்டி வாடகை ரூ. 24,600, சாரம், ஆட்கூலி ரூ. 19,500, அடித்தளம், குழாய், வெல்டிங் ரூ. 33,700, மின்னணுக் கருவிகள் ரூ. 18,900, காப்பீடு ரூ. 6,400. ஆக மொத்தம் ரூ. 1,34,900. மீதி ரூ. 7,600 பொருளாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. இடிதாங்கி அமைக்கும் செலவை நாங்கள் மதிப்பீட்டில் சேர்க்கத் தவறிவிட்டோம். ஐப்பசி மழைக்கு முன் அதை முடிக்க வேண்டும். மீதித் தொகையை அதற்கே பயன்படுத்த அடுத்த செயற்குழு ஒப்புதல் தரும்படி வேண்டுகிறோம்.

ஏல ரசீதுகள், அனுமதிக் கடிதங்கள், ஒவ்வொரு டிஷ்ஷின் அளவும் நரம்புச் சோதனை முடிவும் எழுதிய பதிவேடு ஆகியவை அலுவலகத்தில் உள்ளன. எந்த உறுப்பினரும் வந்து பார்க்கலாம். இருப்பில் உள்ள 8 அடி டிஷ்ஷும் சிறிய டிஷ் ஒன்றும் தேவைப்படும் பள்ளிகளோ கல்லூரிகளோ இருந்தால், அவற்றை நிறுத்தப் போகும் இடத்தின் படத்துடன் செயலாளருக்கு எழுதச் சொல்லுங்கள். இறக்கிக் கொடுப்பதோடு நில்லாமல், நிறுத்தித் தருவதற்கும் நம் ஆட்கள் வருவார்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு