எங்கள் மகளுக்காகக் கடலையை ஒதுக்கி வைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

மகளுக்கு வேர்க்கடலை ஆகாது என்பது இப்போது எங்கள் தெருவுக்கே தெரியும். "கொஞ்சம் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்" என்று யாரும் சொல்லாமல், சொன்னதை அப்படியே நம்பினீர்களே, அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் அன்றிரவு பணியிலிருந்த நர்ஸ் அக்காவுக்கு. புளியோதரை சாப்பிட்ட சற்று நேரத்தில் பிள்ளைக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, குரல் கம்மி, இழுப்பும் வந்துவிட்டது. பார்த்ததுமே அக்கா டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் அளவு சொல்லச் சொல்ல, அக்கா தொடையின் வெளிப்பக்கத்தில் அட்ரினலின் ஊசி போட்டார். அலர்ஜி மாத்திரை அரிப்பைத்தான் அடக்கும், மூச்சடைப்பை நிறுத்தாது என்று அப்புறம் நிதானமாக விளக்கியதும் அவர்தான். இழுப்பு அடங்கியதும் கிளம்பப் பார்த்த எங்களை டாக்டர் விடவில்லை. சில மணி நேரம் கழித்து இழுப்பு திரும்பவும் வரலாம் என்று விடியும்வரை வைத்துப் பார்த்தார்.

வகுப்பு டீச்சருக்கு. பேனா மாதிரியான அட்ரினலின் ஊசி இங்கே சுலபத்தில் கிடைப்பதில்லை, குப்பியும் சிரிஞ்சும்தான். பயப்படாமல் அதைப் போடக் கற்றுக்கொண்டீர்கள்.

கல்யாணச் சமையல் மாஸ்டர் அண்ணனுக்கு. "செக்குக் கடலெண்ணெய் ஆகுமா?" என்று நீங்களாகக் கேட்டீர்கள். செக்கெண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும், ஆகாது. தனி வாணலி, தனி ஜல்லிக்கரண்டி வைத்து, அவளுக்கு நல்லெண்ணெயில் முதல் ஈட்டு வடை சுட்டுக் கொடுத்தீர்கள்.

அப்புறம், நான் பார்த்தேயிராத சில பெற்றோருக்கு. கடலையைச் சின்ன வயதிலேயே கொடுத்தால் அதன் அலர்ஜி வராமல் தடுக்க முடியுமா என்று பார்க்க, லண்டனில் பேராசிரியர் கிடியன் லாக் குழுவினர் நடத்திய லீப் ஆய்வுக்கு 640 கைக்குழந்தைகளை அனுப்பியவர்கள் அவர்கள். எல்லாம் கடுமையான கரப்பான் என்னும் தோல் நோயோ முட்டை அலர்ஜியோ உள்ள குழந்தைகள். பாதிப் பேருக்குக் கடலை கொடுத்தார்கள், மீதிப் பேருக்குத் தவிர்த்தார்கள். ஐந்து வயதில், தவிர்த்தவர்களில் 17 சதவீதத்துக்கு மேல் கடலை அலர்ஜி. சாப்பிட்டவர்களில் சுமார் 3 சதவீதம்தான். 2015இல் இது வெளிவந்தது. ஆய்வு தொடங்கிய காலத்தில், இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கடலையே காட்டாதே என்பதுதான் பல ஊர்களில் வழக்கமான அறிவுரை. பெற்ற பிள்ளையை வைத்து அதைச் சோதிக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அந்தத் துணிச்சலின் பலன் எங்கள் சின்னவனுக்கும் கிடைத்தது. அவனுக்கும் கரப்பான் இருந்ததால் டாக்டர் முதலில் பரிசோதனை செய்து, பிறகே ஆறாம் மாதத்தில் கடலையைத் தொடங்கச் சொன்னார். முழுக்கடலை தொண்டையில் சிக்கும் என்பதால், மைய அரைத்துக் கஞ்சியில் கரைத்துத்தான் கொடுத்தோம். இன்றும் வாரந்தோறும் சாப்பிடுகிறான்.

கடலை ஆகாத அவன் அக்காவும் அதே வீட்டில் இருக்கிறாளே! தம்பி சாப்பிட்டதும் அவன் கையையும் வாயையும் சோப்புப் போட்டுக் கழுவி, கிண்ணத்தைத் தனியாகத் துலக்கி வைக்கும் வேலையை அத்தை யாரிடமும் விடுவதில்லை. உங்களுக்கும் நன்றி அத்தை.

அன்புடன்,
இருவரின் அம்மா